முத்திரைத்தாளும் இனிஷியலும்

“அத்துவிட்டாச்சு வக்கீலம்மா, பத்திரம் இருக்கு” என்றபடி பிளாஸ்டிக் கவரிலிருந்து நாலாய் மடித்த முத்திரைத்தாளை எடுத்து என் மேசையில் விரிப்பார்கள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலும் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவிலும் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த ஊர் என்றால் இன்னும் தமிழ்நாடுதான். பிழைப்பு இங்கே, கல்யாணமும் பஞ்சாயத்தும் அங்கே. ‘இனி ஒருவர்மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று ஒரு வரி, கீழே நாலு பெரியவர்கள் கையெழுத்து. மடிப்பில் மை அழிந்திருக்கும். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த காகிதத்தைப் பார்த்து “இது விவாகரத்து ஆகாதும்மா” என்று சொல்வது இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகவில்லை.

இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்கப்படியான மணமுறிவை ஏற்கிறது, உண்மைதான். ஆனால் தங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருந்தது என்று கோர்ட்டில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். 2002-இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. நிரூபிக்க முடியாவிட்டால், அந்தத் தாளை நம்பிச் செய்த இரண்டாம் கல்யாணம் செல்லாது. பிறந்த பிள்ளைகளை 16-ஆம் பிரிவு காப்பாற்றும். அம்மாவின் நிலைதான் கஷ்டம். கணவர் இறந்தபின் வாரிசுச் சான்று, ஓய்வூதியம் என்று போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நாலு பெரியவர்கள் வார்த்தையை நம்பியதைத் தவிர அந்தப் பெண் ஒரு தவறும் செய்திருக்க மாட்டாள்.

ஆகவே முதலிலிருந்து தொடங்குவோம். பரஸ்பர சம்மத மனுவுக்கு 13பி பிரிவின்படி ஒரு வருடமாவது பிரிந்திருக்க வேண்டும். என்றைக்குப் பிரிந்தீர்கள் என்று கேட்டால் அந்தம்மா “ஓணத்துக்கு முந்தி” என்பார், அவர் “தீபாவளிக்கு அப்புறம்” என்பார். ரயில் டிக்கெட், வாடகைச் சீட்டு, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் என்று துழாவித் தேதியைப் பிடிப்பதிலேயே என் வேலையில் பாதி கழிகிறது. மனு கொடுத்தபின் வரும் ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த காரணமிருந்தால் கோர்ட் நீக்கலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. நான் எல்லாருக்கும் அதைக் கேட்பதில்லை. சிலருக்கு அந்த ஆறு மாதம் வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் பெண்ணின் நகையை உருப்படி உருப்படியாக, பவுன் கணக்கோடு எழுதுவேன். கேரளத்துப் பெண் ஒருவர் தன் 89 பவுனுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 2024-இல் 25 லட்சம் ரூபாய்க்கு உத்தரவு வாங்கினார். சம்மதமில்லாமல், எதிர்த்து நடந்த வழக்கில் விவாகரத்துத் தீர்ப்பு என்றால், மேல்முறையீட்டுக் கெடு முடியும்வரை மறுமணத்துக்குக் கல்யாண மண்டபம் பார்க்காதீர்கள் என்று எழுதியே கொடுத்துவிடுவேன்.

என் மனதை அதிகம் உறுத்துவது இனிஷியல்.

அம்மா மறுமணம் செய்துகொள்ள இருந்த ஒரு வீட்டில், ஒன்பது வயதுப் பெண் நோட்டு லேபிளில் தன் பெயரை எழுதிவிட்டு, முன்னால் ஓர் எழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தாள். அப்பா இறந்து அம்மா மறுமணம் செய்த வழக்கொன்றில், பிள்ளையின் குடும்பப் பெயரைத் தாயே தீர்மானிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதுக் கணவரை ஆவணத்தில் மாற்றாந்தந்தை என்று போடச் சொல்வது ஏறக்குறைய கொடுமை என்றும் சொன்னது. ஆனால் இந்தக் குழந்தையின் அப்பா உயிரோடிருக்கிறார். சட்டப்படி அவரும் காப்பாளர். அதனால், ‘இனிஷியலை மாற்றுவதானால் இருவர் சம்மதத்தோடும், குழந்தையைக் கேட்டும்’ என்று ஒப்பந்தத்தில் ஆறாவது பத்தியாக எழுதினேன்.

அந்த அப்பா அதை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். “எந்த எழுத்தானாலும் சரி மேடம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடணும். அதையும் எழுதுங்க.”

அந்தம்மாவைப் பார்த்தேன். தலையசைத்தார். ஏழாவது பத்தியாகச் சேர்த்தேன்.