இடிபாட்டின் அருகே ஓர் ஆலயம்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகக் கற்ற ஒருவனுக்கு இங்கிலாந்து முற்றிலும் அந்நிய நாடாகத் தோன்றுவதில்லை. அந்நாட்டு ஊர்ப் பெயர்களும் ஆற்றுப் பெயர்களும் அவனுடைய நெஞ்சில் முன்னரே குடிபுகுந்து விடுகின்றன. 2006ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டு அந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பல்கலைக்கழகமொன்றுக்குச் சென்ற எனக்கும் நிலை அதுவே. விடுமுறை நாள்களில் இரண்டு துண்டு பாணைப் பொதிந்து எடுத்துக்கொண்டு, மாணவருக்குரிய சலுகைச் சீட்டுடன் புறப்பட்டு விடுவேன்.

ஸ்ராற்போட் நகரில், அவன் நதிக்கரையிலுள்ள தேவாலயத்தில், சேக்ஸ்பியர் 1564ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். 1616ஆம் ஆண்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இலண்டனில் வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்தின் புலவர் மூலையில் 1400ஆம் ஆண்டு மறைந்த சோசர் துயில்கிறார். சேக்ஸ்பியருக்கோ அம்மூலையில் ஒரு சிலை எழ, அவர் மறைந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் சென்றது. இவற்றையெல்லாம் ஆவலோடு கண்டேன். நூலில் படித்தவை கல்லில் நின்றன, மகிழ்ந்து திரும்பினேன். நூலில் படியாத ஒன்று கொவென்றி நகரில் எனக்காகக் காத்திருந்தது.

1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டுமாரி பொழிந்தன. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். மத்திய காலத்தில் எழுந்த புனித மிக்கேல் பேராலயம் கூரையோடு எரிந்து வீழ்ந்தது. ஏறக்குறைய முந்நூறு அடி உயரமுள்ள கோபுரமும் சுற்றுச் சுவர்களும் மாத்திரம் எஞ்சின. கார்த்திகை மாதத்துத் தூறல் நாளொன்றில் நான் அச்சுவர்களுக்கு நடுவே நின்றேன். மேலே கூரைக்குப் பதில் வானம். கண்ணாடி இழந்த சாளரங்களின் வழியே குளிர்காற்று.

போர் முடிந்தபின் புதிய ஆலயத்துக்கென நடத்தப்பெற்ற போட்டியில் இருநூற்றுக்கு மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. தெரிவானவர் பசில் ஸ்பென்ஸ் என்னும் கட்டடக் கலைஞர். அவர் இடிபாட்டை இடிபாடாகவே நிற்கவிட்டு, அதன் அருகே செந்நிற மணற்கல்லால் புதிய ஆலயத்தை எழுப்பினார். 1962ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அது திருநிலைப்படுத்தப்பட்டது. இடிபாட்டை நோக்கிய பக்கத்தில் அவர் கற்சுவர் வைக்கவில்லை. மாபெரும் கண்ணாடித் திரை ஒன்றையே நிறுத்தினார். உள்ளே நின்று திரும்பிப் பார்ப்பவருக்கு அதனூடே பழைய அழிவு தெரியும்.

எரிந்த கூரையின் இரண்டு மரங்கள் சிலுவை வடிவில் வீழ்ந்து கிடக்கக் கண்ட ஒரு கற்றச்சர் அவற்றைப் பிணைத்து நிறுத்தினாராம். அதன் பின்புறச் சுவரில், மன்னிக்கும்படி பிதாவை வேண்டும் இரண்டே சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 'இவர்களை' என்னும் சொல் அங்கே இல்லை. குண்டு போட்டவரை மட்டுமோ, எம் எல்லோரையுமோ என்பதைப் படிப்பவரே எண்ணிக்கொள்ள வேண்டும்.

நான் சைவன், சிலுவை என் வழிபாட்டுச் சின்னமன்று. ஆயினும் அவ்விடத்தை விட்டு அகல என் கால்கள் எழவில்லை. என் மனம் அப்பொழுது யாழ்ப்பாணத்தில் நின்றது.

எமது பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தீயிடப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. நினைவறியாப் பருவத்தினனாகிய நான் அத்தீயைக் கண்டதில்லை. என் தலைமுறை கண்ட நூலகம் கரி படிந்த சுவர்களே. ஐயா என்னைத் துவிச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு அவ்வழியே செல்லும்போது சற்று மெதுவாக மிதிப்பார்; ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார். அந்த மௌனமே எனக்குக் கிடைத்த முதற் பாடம்.

எரிந்த சுவரை நினைவாக விடுவதா, மீளக் கட்டுவதா என எம்மூரிலும் பேசப்பட்டதுண்டு. ஈற்றில் கட்டடம் பழைய வடிவிலேயே புதுக்கப்பட்டு, 2004ஆம் ஆண்டு வாசகருக்குத் திறக்கப்பட்டது. அம்முடிவை நான் குறை கூறேன். நூலகம் இழந்த ஊருக்கு முதலில் வேண்டுவது மேசையும் விளக்கும் நூலுமே. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. கொவென்றியில் கருகிய சுவர் தானே நின்று கதை சொல்கிறது. எமது வெண்சுவரோ பிள்ளைகளுக்கு எதையும் சொல்வதில்லை. பரீட்சைக்குப் படிக்க அங்கே நாள்தோறும் செல்லும் மாணவன் ஒருவன் என்னை வினவினான்: "சேர், உண்மையா இந்தக் கட்டடமோ எரிஞ்சது?"

அவ்வினாவில் பிழையில்லை. கல் பேசாத இடத்தில் நாவே பேசவேண்டும். அப்பொறுப்பு பெற்றோரையும் ஆசிரியரையும் சாரும். ஆனால் எவ்வாறு பேசுவது என்பதே கடினமான வினா. இழப்பை ஓர் அணுவும் குறைக்காமல் சொல்லவேண்டும்; கேட்கும் பிள்ளையின் நெஞ்சில் வன்மத்தை விதைக்காமலும் சொல்லவேண்டும். அந்தச் சுவரிலே ஒரு சொல்லை எழுதாது விட்டவர்கள் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும்.

இப்பொழுதெல்லாம் ஆண்டுதோறும் ஜூன் முதல் வாரத்தில் என் வகுப்பு மாணவரை நூலகத்துக்கு அழைத்துச் செல்கிறேன். வாயிலில் நின்று நடந்ததைச் சொல்வேன். ஆண்டையும் நூல்களின் தொகையையும் குறித்துக்கொள்வார்கள். அதன்பின் ஒவ்வொருவரும் உள்ளே சென்று, தாம் விரும்பிய நூலொன்றை எடுத்து ஒரு மணி நேரமாவது வாசித்த பின்னரே வீடு திரும்பவேண்டும் என்பது எமது ஏற்பாடு.