விறகடுப்பும் ஜப்பானியப் பீட்ஸாவும்

நம் அன்னையார் மானாமதுரைப் பக்கத்துச் சிற்றூரை விட்டுப் பெங்களூருக்கு வந்து ஓராண்டு நிறைகிறது. இவ்வோராண்டில் அவர் வாய்விட்டுப் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம் என்று நம் இல்லத்தரசி ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, கவலையாகவே சொன்னார். தந்தையார் மறைந்தபின் ஊரில் தனியே விடலாகாது என்று வற்புறுத்தி அழைத்து வந்தவர் நாமே. ஆனால் பகலெல்லாம் வீட்டில் ஆளில்லை. மாலையில் வரும் பேரனோ நண்பர்களோடு கன்னடத்திலும் புத்தகங்களோடு ஆங்கிலத்திலும் பழகுகிறவன். தமிழ் அவனுக்குச் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் உரிய மொழி. "சாப்பிட்டியா அய்யா?" "சாப்பிட்டேன் அப்பத்தா." இந்த இரண்டு வாக்கியங்களோடு அவர்களுடைய உரையாடல் அன்றாடம் முற்றுப்பெற்றுவிடும். இவ்விதழின் அன்பர்கள் பலருடைய இல்லங்களிலும் இக்காட்சி புதிதாயிராது.

பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். பரிசாக என்ன வேண்டும் என்றதற்கு, இந்திரா நகரில் ஜப்பானியப் பாணியில் பீட்ஸா செய்து தரும் உணவு விடுதிக்கு எல்லோரும் போகவேண்டும் என்றான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை முன்பதிவும் செய்தாயிற்று. "அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது, இட்லி வைத்துவிட்டுப் போகலாம்" என்றார் இல்லத்தரசி. "நான் எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்றார் அன்னையாரும். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அந்த ஏற்பாடு நமக்கும் வசதியாகவே தோன்றிற்று. பையன்தான் ஒப்பவில்லை. அப்பத்தா வராவிட்டால் தனக்கும் வேண்டாம் என்று அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். பிறகு என்ன செய்வது? அன்னையார் சுங்கடிப் புடவை உடுத்திப் புறப்பட்டார்.

இத்தாலியருடைய உணவை ஜப்பானியர் செய்ய, அதைப் பெங்களூரில் தமிழர் உண்பதா என்று வழியெல்லாம் நமக்குள் சிரித்துக்கொண்டோம். கதையைக் கேட்டால் இன்னும் ஓர் ஊர் சேரும். இந்த விடுதியின் பெயர் பீட்ஸா ஃபோர் பீஸ். இதை 2011-ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தொடங்கியவர் யோசுகே மசுகோ என்ற ஜப்பானியர். தொடங்கிய இடமோ ஜப்பான் அன்று, வியட்நாமின் ஹோ சி மின் நகரம். நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்தி, முருகனுக்கும் மாரியம்மனுக்கும் கோயில் எழுப்பிய அதே சைகோன்தான்! டோக்கியோவில் தம் வீட்டுத் தோட்டத்தில் நண்பர்களோடு சேர்ந்து விளையாட்டாகக் கட்டிய ஓர் அடுப்பிலிருந்து அவருக்கு இந்த எண்ணம் பிறந்ததாம். வியட்நாமில் வேண்டிய பதத்தில் புதிய பாலாடைக்கட்டி கிடைக்காமற் போகவே, தாமே அதைச் செய்யக் கற்றுக்கொண்டார். பெயரிலுள்ள 'ஃபோர் பீஸ்' என்பது 'அமைதிக்காக' என்றும் ஒலிக்கும்படி வைத்த சொல் விளையாட்டு. ஓர் உணவு விடுதி உலக அமைதிக்குப் பாடுபடுவது இருக்கட்டும். அன்று நம் வீட்டின் அமைதியைக் குலைத்தது. அதற்காக அதற்கு நன்றி சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அடுப்பு உண்போர் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. கவிழ்த்த பானை போன்ற வடிவம். முன்பக்கம் ஒரு வாய். உள்ளே ஓரமாக விறகு எரிகிறது. நாம் உணவுப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அன்னையார் பட்டியலைத் தொடவேயில்லை. அவர் கண்கள் அந்த வாயையே நோக்கியிருந்தன.

விறகுக்கும் அவருக்கும் உள்ள உறவு பெரியது. இனிமையானதென்று சொல்ல முடியாது. மணமாகி வந்த நாள் முதல் 1991-இல் வீட்டுக்குச் சமையல் வாயு வரும்வரை அவர் விறகிலேயே சமைத்தார். மழைக்காலத்தில் ஈர விறகோடு ஊதுகுழலை வைத்துக்கொண்டு அவர் போராடியதும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நமக்குச் சோறு போட்டதும் இன்றும் நினைவிருக்கிறது. வாயு அடுப்பு வந்த அன்று ஊதுகுழலைப் பரணில் எறிந்தார். அதன்பின் பொங்கலுக்குக்கூட விறகு வேண்டாம் என்று சொன்னவர். இரண்டு கண்ணிலும் புரை அறுவை நடந்திருக்கிறது; இருமல் இன்றும் விட்டபாடில்லை.

"ஏன் அய்யா, இத்தனை விறகு எரியுதே, மேலே கரியே பிடிக்கலையே?" என்று பேரனைக் கேட்டார்.

பையன் விழித்தான். நாமும் விழித்தோம். நம் பழைய அடுக்களையின் கூரை முழுவதும் ஒட்டடையும் கரியுமாய்த் தொங்கும். இங்கோ அடுப்பின் உட்கூரை வெள்ளையாய் இருந்தது. இதுவரை எத்தனையோ முறை இத்தகைய அடுப்புகளைப் பார்த்திருக்கிறோம். இந்தக் கேள்வி நமக்குத் தோன்றியதில்லை.

"வாங்க அப்பத்தா, கேட்போம்" என்று பையன் அவர் கையைப் பிடித்து அடுப்பருகே அழைத்துச் சென்றான். நாமும் பின்னால் போய் நின்றோம். அடுப்படியில் நின்ற இளைஞர் ஒடிசாக்காரர். பாட்டியின் தமிழைப் பேரன் இந்தியாக்கினான். அவருடைய இந்தியைத் தமிழாக்கினான். விடை இதுதான்: நெருப்பு மூட்டியதும் உட்கூரை கரிபிடித்துக் கறுத்துத்தான் போகும். செங்கல் மேலும் மேலும் சூடேறும்போது அந்தக் கரியே எரிந்து போய்க் கூரை மறுபடி வெளுக்கும். வெளுத்துவிட்டால் அடுப்பு தயார் என்று பொருள்.

அன்னையார் தலையசைத்தார். "அப்ப கீழேயும் சூடு, மேலேயும் சூடு. தம் போடுறப்ப மூடி மேல தணலை அள்ளிப் போடுவாங்களே, அதுமாதிரி. நெருப்பு ஒரு பக்கம், வேகிறது இன்னொரு பக்கம், அது கொடியடுப்பு."

பையன் திணறினான். தம் அவனுக்குத் தெரியும். தணல் தெரியாது. கொடியடுப்பு என்பதைக் கேட்டதேயில்லை. அன்னையார் கையால் காற்றில் வரைந்து காட்டினார்: விறகு எரிவது பெரிய அடுப்பில், அதன் அனல் பக்கத்துத் துளை வழியே ஓடி இரண்டாம் அடுப்பில் குழம்பைக் கொதிக்கவைக்கும், அதற்கென்று தனி விறகு கிடையாது. ஒடிசா இளைஞருக்கு மொழிபெயர்ப்பு முடியுமுன்பே புரிந்துவிட்டது. அவர் வீட்டிலும் வாயு உருளை இருக்கிறதாம். ஆயினும் சோறு வடிப்பது இன்றும் விறகில்தானாம்.

"அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்குன்னு கேளு" என்றார் அன்னையார்.

பையன் கேட்டான். இளைஞர் உடனே விடை சொல்லவில்லை. நீண்ட துடுப்பால் ஒரு பீட்ஸாவைத் திருப்பிவிட்டு, தாம் கேட்டதில்லை என்றும் இன்றிரவு தொலைபேசியில் கேட்பதாகவும் சொன்னார்.

நம் பீட்ஸா வந்தது. இதன் தாயகமான நேப்பிள்ஸ் நகரில் 1984-இல் பீட்ஸாவுக்கென்றே ஒரு சங்கம் அமைத்து, மாவு எவ்வளவு, சூடு எவ்வளவு என்றெல்லாம் விதி வகுத்திருக்கிறார்கள். உட்கூரை ஏறக்குறைய 485 பாகை வெப்பம் இருக்கவேண்டும். 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிடவேண்டும். (விதிகளைக் கண்டு சங்கத்துக்காரர்களாகிய நாம் வியப்படையலாகாது.) ஜப்பானியர் எதைக் கற்றாலும் குருவைவிடச் சிரத்தையாகக் கற்பவர்கள் ஆதலால், விளிம்பு உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, நடுவே மெத்தென்று இருந்தது. வெள்ளிக்கிழமையாதலால் சைவமே வரவழைத்திருந்தோம். ஒன்றின் நடுவில் உருண்டையாகப் புராட்டா என்னும் பாலாடைக்கட்டி. அதை நம் முன்னே வெட்டி நாற்புறமும் பரப்பினார்கள். மற்றொன்றில் பலவகைப் பாலாடைக்கட்டியும், மேலே ஊற்றிக்கொள்ளத் தேனும்.

அன்னையார் கத்தியையும் முள்ளையும் ஒதுக்கிவிட்டுக் கையால் பிய்த்தார். புராட்டா அவருக்குப் பிடிக்கவில்லை. "பச்சைப் பாலைக் கட்டி வச்ச மாதிரி இருக்கு" என்று நம் இலைக்கு, அதாவது தட்டுக்கு, தள்ளிவிட்டார். நமக்கு அது மிகவும் பிடித்தது என்பதையும் பதிவு செய்கிறோம். தேன் ஊற்றியதை இரண்டு துண்டு உண்டார். விளிம்பை மட்டும் தனியே மென்று பார்த்து, "மாவு நல்லாப் புளிச்சிருக்கு. நெருப்பும் நல்ல நெருப்பு. தோசையில இத்தனை கருக்கல் இருந்தா எங்க மாமியார் கல்லையே தூக்கிப் போட்டிருப்பாங்க" என்றார். இல்லத்தரசி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையினர் திரும்பிப் பார்த்தனர். மாமியார் தம் மாமியாரைப் பற்றிப் பேசி அவர் கேட்பது அதுவே முதன்முறை.

விலைச்சீட்டை அன்னையார் கண்ணில் படாமல் மறைக்க முயன்றோம். பலிக்கவில்லை. "அந்தக் காலத்துல ரெண்டு வண்டி விறகு" என்றார். சற்று நேரங்கழித்து, "விறகே வேணாம்னு ஓடியாந்தேன். இங்க காசு குடுத்து வந்து உட்கார்ந்திருக்காங்க" என்றார். அதில் ஏளனம் இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர் குரலாகவே இருந்தது.

திரும்பும்போது மெட்ரோ வண்டியில் பாட்டியும் பேரனும் ஒருபக்கம், நாம் இருவரும் எதிர்ப்பக்கம்.

"அப்பத்தா, எந்த விறகு நல்ல விறகு?"

"அதைக் கேளு. சீமைக்கருவேலம் முள்ளு குத்தும். ஆனா தணல் நின்னு எரியும். நம்ம பக்கம் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி விப்பாங்க. புளி நல்ல சூடு. முருங்கை ஒண்ணுக்கும் ஆகாது, வெறும் புகை. தென்னம்பாளை பத்தவைக்க மட்டும். குப்புன்னு எரிஞ்சு அணைஞ்சு போகும். காஞ்ச விறகு பேசாம எரியும். ஈர விறகுதான் கத்தும்."

"சுள்ளின்னு சொன்னீங்களே, அது?"

பையன் கைப்பேசியை எடுத்து ஒவ்வொன்றாய்க் குறித்துக்கொண்டிருந்தான். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் எழுதினான். திருத்தலாமா என்று வாயெடுத்தோம். இல்லத்தரசி நம் முழங்கையைப் பற்றினார். இறங்கவேண்டிய நிலையம் வந்தபோது அவர்கள் பனைமட்டை வரைதான் வந்திருந்தார்கள். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தோம்.