சின்னச் சோகங்களுக்கும் ஒரு மேடை

எங்கட ஊரில் மைக்கைப் பிடித்த எவரும் தன்னைப் பற்றிப் பாடி நான் கேட்டதில்லை. கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு வந்தால் சினிமாப் பாட்டு. பள்ளிக்கூட மேடையில் குழுப்பாட்டு. வீட்டில் பெரியாக்கள் மெல்ல முணுமுணுக்கிற பாட்டுகள் மண்ணைப் பற்றியவை. சினிமாவில் 'நான்' என்று வரும் பாட்டைக்கூட ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் மெட்டுப் போடுகிறார், மூன்றாமவர் பாடுகிறார், நான்காமவர் வாயசைக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் வளர்ந்ததே அந்தப் பாட்டுகளோடுதான். ஆனால் 'இது என்ர கவலை, நானே எழுதினது, நானே பாடுறன்' என்று ஒரு ஆள் வந்து நின்று நான் கண்டதில்லை. பெங்களூரில் பிரதீக் குஹாட்டைப் பார்க்கும்வரை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜெய்ப்பூரில் பிறந்தவர். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பொருளியலும் படித்தவர். ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் தானே எழுதி, கிட்டாரோடு பாடுகிறவர். 2018இல் வெளிவந்த 'கோல்ட்/மெஸ்' பாட்டை அடுத்த வருடம் ஒபாமா தனக்குப் பிடித்த பாட்டுகளின் பட்டியலில் சேர்த்தார். அதன்பிறகு இந்தியாவுக்கு வெளியிலும் நிறையப் பேர் அவரைத் தேடிக் கேட்டார்கள்.

எனக்கு அவரைக் காட்டியது 2020இல் வந்த 'கசூர்'. ஊரடங்கு நேரம், வவுனியாவில் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்து ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காணொளி முழுக்க வெறும் முகங்கள். சிரிக்கிற, வெட்கப்படுகிற, எதையோ நினைத்துக் கலங்குகிற முகங்கள். எனக்கு ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. 'கசூர்' என்றால் குற்றம் என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். ஆனாலும் ஏதோ விளங்கினது. நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்க இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டரி தீருமட்டும் கேட்போம்.

பிறகு புலமைப்பரிசில் கிடைத்துப் பெங்களூருக்குப் படிக்க வந்தேன். அவர் அங்கே பாட வருகிறார் என்றதும், விடுதித் தோழி ஒருத்தியோடு டிக்கெட் எடுத்தேன். விலை என்ர ஒரு மாதச் சாப்பாட்டுக் காசில் பாதி. லக்னோக்காரியான அவள்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்.

ஆயிரக்கணக்கான சனம். இவ்வளவு மெல்லிய பாட்டுகள் இந்தக் கூட்டத்துக்குள் நசுங்கிப்போகும் என்றுதான் நினைத்தேன். முதலில் முழு இசைக்குழுவோடு பாடினார். ஆடினார்கள், கத்தினார்கள். இடையில் மற்றவர்கள் மேடையை விட்டு இறங்க, அவரும் கிட்டாரும் மட்டும் மிஞ்சினார்கள். பெரிய பேச்சொன்றும் இல்லை. தொண்டையைச் செருமினார், தந்தியைச் சரிபார்த்தார், தொடங்கினார்.

அவ்வளவு பேரும் அடங்கிப்போனார்கள். கூடப் பாடியவர்களும், தனி அறையில் தனக்குத்தானே பாடுகிற மாதிரித்தான் பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு அண்ணா, வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும், கழுத்தில் அலுவலக அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுதார். ஒருவரும் 'என்ன?' என்று கேட்கவில்லை. தோழி என் காதில், "ஒருத்தரை விட்டிட்டுப் போகவும் முடியேல்ல, இருக்கவும் முடியேல்ல எண்டு பாடுறார்" என்கிற கருத்தில் சொன்னாள். இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பேர் மூச்சடக்கி நிற்கினம் என்றிருந்தது எனக்கு.

அந்த 'இவ்வளவுதானா' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கட வீட்டில் ஒரு பெரிய சோகம் இருக்கிறது. மாமா 2009இல் காணாமல் ஆக்கப்பட்டார். வவுனியாவில் 2017இல் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில், முழங்கால் நோவோடு அம்மம்மாவும் போய் இருந்தா, மாமாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு. அப்படியான வீட்டில், 'என்ர சிநேகிதி என்னோட கதைக்கிறாளில்லை, அதான் மனசு சரியில்லை' என்று எப்படிச் சொல்வது? "உதெல்லாம் ஒரு கவலையோ?" என்பார்கள். கோபத்தில் இல்லை, உண்மையாகவே அவர்களுக்கு அது கவலையாகத் தெரியாது. போர் முடியும்போது பாலர் வகுப்பில் இருந்த எங்களுக்கு, கவலைப்படுகிறதுக்கும் ஒரு தகுதி வேணும் என்று பழகிப்போயிற்று. அதனால் தோல்வி, காதல், தனிமை எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறோம். எங்களில் சில பேர் விழுங்க ஏலாமல் போனதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சின்னச் சோகம் ஒரு வசதி என்று சொல்லலாம். டிக்கெட் விலையைப் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனால் அந்த அண்ணாவின் அழுகை யாருடைய அழுகையின் இடத்தையும் பிடுங்கவில்லை. நான் வாய்விட்டுக் கவலைப்பட்டால் அம்மம்மாவின் கவலை குறைந்துபோகாது. குறைந்துபோகும் என்றுதான் இவ்வளவு நாளும் எல்லாரும் பேசாமல் இருந்தோம். சில வேளை, மாமா இருந்திருந்தால் அவரும் தன்ர சின்னக் கவலைகளை யாருக்காவது சொல்லியிருப்பார். படத்தில் அவருக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் அவருக்குக் காதல் இருந்ததா, எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டு வைக்கவும் இல்லை.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் தம்பி. அவனுடைய போனில் வொய்ஸ் ரெக்கோர்டரில் பாட்டுகள் இருக்கின்றன. தானே எழுதினவை. கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் பாடிப் பதிவான பாட்டுகள். கேட்டால், "சும்மா, ஒண்டுமில்லை அக்கா" என்பான்.

நிகழ்ச்சி முடிந்து மெட்ரோவுக்குக் காத்திருந்த நேரம் அவனுக்கு அழைப்பு எடுத்தேன். குஹாட் 'கசூர்' பாடினவரோ என்று கேட்டான். ஓம் என்றேன். பிறகு, "உன்ர பாட்டில ஒண்டைப் பாடன்" என்றேன். கன நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பிறகு மின்விசிறி.

"சிரிக்கக் கூடாது" என்றான்.

ஒரு நிமிடம்கூட இல்லை. பள்ளிக்கூடம் முடிந்து போய்விட்ட ஒரு நண்பனைப் பற்றிய பாட்டு. இரண்டாவது வரியில் சுருதி விலகினது. மெட்ரோ வந்தது, நான் ஏறவில்லை. அடுத்ததில் போகலாம் என்று தோழிக்குக் கையைக் காட்டிவிட்டு, "மற்றதையும் பாடு" என்றேன்.