கார் இல்லாமல் பாரா தீவுக்கு

"ஸ்காட்லாந்து தீவுகளுக்கெல்லாம் கார் இல்லாம போக முடியாது" என்று எங்கள் டிபார்ட்மெண்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிற எல்லோரிடமும் கார் இருக்கிறது, கவனிக்க. ஸ்டூடண்ட் விசாவில் வந்து, ரெயில்கார்டைக் காட்டிக் காலம் தள்ளும் என்னைப் போன்ற ஜீவன்களுக்காக இந்தப் பதிவு. போன அக்டோபரில் கிளாஸ்கோவிலிருந்து பாரா தீவுக்கு ரயில், கப்பல், பஸ் மூன்றையும் வைத்தே போய் வந்தேன்.

பாரா எங்கே இருக்கிறது? ஸ்காட்லாந்துக்கு மேற்கே, கடலைத் தாண்டி நீளமாகத் தொங்கும் மேற்குத் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில். பக்கத்து வாட்டர்சேயையும் சேர்த்தால் ஜனத்தொகை ஆயிரத்து இருநூறு சொச்சம். அதற்கு அந்தப் பக்கம் அட்லாண்டிக் தான். நேராகப் போனால் கனடா.

முதலில் கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டில் ரயில். ஓபன் வரை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஏறும்போதே எந்தப் பெட்டி என்று பார்த்து ஏற வேண்டும். கிரியன்லாரிக் என்ற ஸ்டேஷனில் ரயிலை இரண்டாக வெட்டி, பாதியை ஓபனுக்கும் மீதியை ஃபோர்ட் வில்லியம் பக்கமும் அனுப்பி விடுவார்கள். முதலில் வலது பக்கம் லோமண்ட் ஏரி, கிரியன்லாரிக் தாண்டியதும் இடது பக்கம் ஆவ் ஏரி. அதனால் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட வேண்டியதில்லை, பாதி வழி அவனுக்கு, பாதி வழி நமக்கு.

ஆவ் ஏரியைத் தாண்டும்போது மலைச்சரிவை ஒட்டி ஒரு கம்பி வேலி வரும். சும்மா வேலி என்று நினைத்து விடாதீர்கள். 1881ல் இங்கே ஒரு பாறை உருண்டு ரயில் மேல் விழுந்தது. அந்த ரயில் கம்பெனியின் செயலாளர் ஜான் ஆண்டர்சன், சரிவு நெடுக கம்பிகளைக் கட்டி சிக்னல்களோடு இணைத்தார். பாறை விழுந்து கம்பி அறுந்தால் சிக்னல் தானாக 'ஆபத்து' காட்டும். காற்றடித்தால் அந்தக் கம்பிகள் முனகுமாம், அதனால் அதற்கு 'ஆண்டர்சனின் பியானோ' என்று பெயர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. இஞ்சினியரிங் படிக்கிற எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஓபனில் பிளாட்பாரத்திலிருந்து இறங்கி நடந்தால் சில நிமிடத்தில் கப்பல் துறை. பையைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி தேட வேண்டாம். கார் வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் முன்னாடியே புக் பண்ணித் தவிக்கும்போது நாம் பாட்டுக்கு நடந்து போய் ஏறலாம் :-) டிக்கெட்டும் மோசமில்லை. 2008ல் கப்பல் கட்டணத்தை சாலைச் செலவுக்கு ஈடாகக் குறைக்கும் ஒரு திட்டம் இந்தத் தீவுகளில்தான் முதலில் வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரக் கடலுக்கு இருபது பவுண்டுக்குள் தான் ஆகிறது.

கப்பலில் எனக்கு எதிர் சீட்டில் ஒரு பாட்டி. பாராக்காரர். கிளாஸ்கோவில் கண் ஆபரேஷன் முடிந்து திரும்புகிறார். செவ்வாய்க்கிழமையே போயிருக்க வேண்டியவர், காற்று அதிகம் என்று இரண்டு நாள் கப்பல் ஓடாமல், ஓபனில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். அன்று வியாழன்.

"முதல் தடவையா?"

"ஆமாங்க."

"சாப்பிட்டாச்சா? இப்பவே போய்ச் சாப்பிட்டுடு. மல் தீவு தாண்டினா அப்புறம் உன்னால முடியாது."

சொன்னபடியே கேட்டேன். கப்பல் கேண்டீன் மக்ரோனி சீஸை விசேஷம் என்கிறார்கள். காரம் என்றால் என்னவென்றே தெரியாத பதார்த்தம், ஆனால் சூடு. மல் நீரிணைக்குள் இருக்கும்வரை கப்பல் குளத்தில் போவது மாதிரி போனது. ஆர்ட்னமர்கன் முனையைத் தாண்டியதும் ஆட ஆரம்பித்தது பாருங்கள்... அடுத்த மூன்று மணி நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பாட்டி மட்டும் கருப்புக் கண்ணாடியோடு ஆடாமல் அசையாமல் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். கண் ஆபரேஷன் ஆனவர்!

காசில்பே துறையில் இறங்கினால், ஊருக்கு முன்னால் கடலுக்கு நடுவே ஒரு பாறை மேல் கிசிமுல் கோட்டை. மக்னீல் குலத்தலைவர் 2000ல் இதை அரசாங்கப் பராமரிப்புக்குக் குத்தகைக்கு விட்டார். ஆயிரம் வருஷக் குத்தகை. வாடகை வருஷத்துக்கு ஒரு பவுண்டும் ஒரு விஸ்கி பாட்டிலும். பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஐயா இது.

தீவைச் சுற்றி ஒரே ஒரு சாலை, பன்னிரண்டு மைல் வட்டம். அதில் ஒரு சின்ன பஸ். ஞாயிறு கிடையாது. கை காட்டினால் எங்கேயும் நிற்கும். வெள்ளிக்கிழமை அதில் ஏறி விமான நிலையம் போனேன். கடற்கரைதான் ரன்வே. ஈர மணலில் மரக்கம்பங்கள் நட்டு மூன்று ஓடுதளங்கள். அலை ஏறினால் மூன்றும் தண்ணீருக்குள். அதனால் விமான நேரத்தை அலையும் சேர்ந்துதான் நிர்ணயிக்கிறது. பத்தொன்பது சீட் ட்வின் ஆட்டர் ஒன்று தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு இறங்கியது. அது போனதும் ஒருவர் வாளியோடு மணலில் இறங்கி சிப்பி பொறுக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். காலையில் போனில் மெசேஜ்: காற்று, கப்பல் இல்லை. தங்கியிருந்த வீட்டு அம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு இங்கதான் சாப்பாடு" என்றார், அவ்வளவுதான். கடைக்குப் போனால் ரொட்டி அலமாரி காலி, பால் அலமாரி காலி. கப்பல் தாமதம் என்றால் எனக்கு ஒரு நாள் லேப் போகிறது. இவர்களுக்கு ரொட்டியும் கண் டாக்டரும் போகிறது.

மத்தியானம் காற்று கொஞ்சம் தணிந்ததும் வாட்டர்சேய்க்கு நடந்தேன். இப்போது கடல் மேல் கல்லணைச் சாலை இருக்கிறது. அது வந்தது 1991ல். அதற்கு முன் மாடுகளைப் படகுக்குப் பின்னால் நீந்த வைத்துத்தான் விற்கக் கொண்டுபோவார்கள். 1986ல் பெர்னி என்ற காளை அப்படி நீந்தும்போது மூழ்கிச் செத்தது. அந்தச் செய்தி பெரிதாகி சாலைக் கோரிக்கைக்கு வலு சேர்த்தது. எத்தனை வருஷமாக மனிதர்கள் கேட்டார்கள், காளை செத்த பிறகுதான் காது கேட்டது.

அந்த வாட்டர்சேயில் ஊர் வந்த கதையும் லேசானதில்லை. நிலமில்லாத பாரா, மிங்குலே மக்கள் அங்கே போய்க் குடிசை போட்டு விவசாயம் பண்ணினார்கள். 1908ல் பத்துப் பேரை எடின்பரோவில் ஜெயிலில் போட்டார்கள். ஊர் உலகம் கத்தியது, 1909ல் அரசாங்கமே தீவை வாங்கிப் பிரித்துக் கொடுத்தது. தெற்கே தெரியும் மிங்குலேயில் படகு அணைய சரியான இடமே இல்லை. 1912ல் கடைசி ஆட்களும் வெளியேறினார்கள். இன்றைக்கு அங்கே கடற்பறவைகளும் கூரை இல்லாத சுவர்களும்தான்.

தங்கியிருந்த வீட்டில் ராத்திரி போன் வந்தால் காலிக்கில்தான் பேச்சு. 2022 கணக்கெடுப்பில் மேற்குத் தீவுகளிலேயே காலிக் பேசுகிறவர்கள் பாதிக்குக் கீழே போய்விட்டார்கள். "பேரன் கிளாஸ்கோல இருக்கான். வந்து போறது கஷ்டம்னு வர்றதைக் குறைச்சுட்டான். இப்ப எங்கிட்ட இங்கிலீஷ்தான்" என்றார் அம்மா. கப்பல் டைம்டேபிளுக்கும் ஒரு மொழிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஞாயிறு கப்பல் வந்தது. துறை வரைக்கும் அந்த அம்மாவே காரில் கொண்டுவந்து விட்டார். கையில் ஒரு பொட்டலம், உள்ளே ஸ்கோன். காசு வாங்க மாட்டேன் என்று விட்டார்.

பி.கு: போகிறவர்கள் திரும்பும் நாளுக்கு அப்புறம் ஒரு நாளாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் என்றால் இரண்டு. வாந்தி மாத்திரையை ஓபனிலேயே போட்டுக்கொள்ளவும்.