பீதர்: போர் விமானிகளை வார்க்கும் ஊர்

ஹைதராபாத்திலிருந்து வடமேற்கே சுமார் 140 கிலோமீட்டர் போனால் கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கும் பீதர் வந்துவிடும். எங்கு பார்த்தாலும் செம்மண். கோட்டையும் செம்புறாங்கல்லால் கட்டியதுதான். 15ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்கள் குல்பர்காவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார்கள். அவர்களின் அமைச்சர் மகமூத் கவான் 1472இல் கட்டிய மதரஸா ஔரங்கசீப் காலத்தில் வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. மிஞ்சி நிற்கும் மினாரில் நீல ஓடுகள் சிலவற்றை இன்றும் பார்க்கலாம்.

பீதரின் கைத்தொழில் பித்ரி வேலைப்பாடு. துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் கலந்து வார்த்த பாத்திரத்தில் உளியால் கோடு கீறி, அதில் வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டி இறக்குவார்கள். பிறகு கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துச் சூடான பாத்திரத்தில் தேய்ப்பார்கள். உலோகம் கன்னங்கரேலென்று மாறும். வெள்ளி மட்டும் நிறம் மாறாமல் பளிச்சென்று நிற்கும்.

இந்த ஊருக்கு இன்னொரு முகம் விமானப்படைத் தளம். ஒரு காலத்தில் எச்.டி.2 என்ற சிறு விமானத்தில் இங்கே ஆரம்பப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது விமானங்கள் நெருக்கமாக அணிவகுத்துப் பறக்கும் 'சூரிய கிரண்' சாகசக் குழு 1996இல் உருவானதும் இங்கேதான். ஆனால் பீதரின் பெயர் நிலைக்கப்போவது ஹாக் என்ற ஜெட் பயிற்சி விமானத்தால்தான் என்பேன்.

அதற்கு முன்பு இருந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். நிதானமான கிரண் பயிற்சி விமானத்தில் பழகிய இளைஞர்களில் பலர் அடுத்து மிக்-21 போர் விமானத்தில் ஏற வேண்டியிருந்தது. தரையிறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும் விமானம் அது. சிறு பிழையைக்கூடப் பொறுக்காது. நடுவில் ஒரு படி வேண்டும், நவீன ஜெட் பயிற்சி விமானம் வாங்குங்கள் என்று விமானப் பாதுகாப்பை ஆராய்ந்த லா ஃபோன்டெய்ன் குழு 1982இலேயே பரிந்துரைத்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல். இருபத்திரண்டு ஆண்டுகள்! மிக்-21 விபத்துகளுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் இந்தத் தாமதத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்க முடிவானவை 66 ஹாக் விமானங்கள். 24 பிரிட்டனில் தயாரானவை. மற்றவற்றை பெங்களூரின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். கட்டியது. 2008 பிப்ரவரியில் பீதரில் ஹாக் முறைப்படி படையில் சேர்ந்தது. முன்னிருக்கையில் மாணவர், பின்னால் சற்று உயர்ந்த இருக்கையில் ஆசிரியர். மாணவரின் தலைக்கு மேலாக ஓடுபாதையை அவரும் பார்க்க முடியும். 

அணிவகுத்துப் பறப்பது, தாழப் பறப்பது, குண்டு வீசுவது என்று போர் விமானிக்கு வேண்டிய அடிப்படைகளை ஹாக்கில் கற்ற பிறகே பெரிய போர் விமானங்களுக்குப் போகிறார்கள். இந்தியாவின் முதல் பெண் போர் விமானிகளான அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016இல் பணியில் சேர்ந்ததும் ஹாக் பயிற்சிக்கு வந்தது பீதருக்குத்தான். 2018 பிப்ரவரியில் அவனி மிக்-21ஐத் தனியாக ஓட்டிக் காட்டினார். இடையில் அந்த ஒரு படி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஹாக்குக்கு முந்தைய படியான கிரணுக்கு வயதாகிவிட்டது. அதன் இடத்தை நிரப்ப எச்.ஏ.எல். உருவாக்கிய எச்.ஜே.டி.36 முதன்முதலில் பறந்தது 2003இல். இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் அது பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேரவில்லை. ஹாக் விஷயத்தில் செய்த தாமதத்தை அரசு இதிலும் தொடரக் கூடாது. அந்த இருக்கையில் உட்காரப்போவது இருபது வயதுப் பிள்ளைகள்.