ஆடை யாருக்கு?

எங்கள் கரிசல் வீடுகளில் சூப் என்றால் ஆட்டுக்கால் சூப்தான். அது ஆண்களுக்கு. பெண்ணுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அவள் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். பாலில் படியும் ஆடை அண்ணனுக்கு. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் நாளெல்லாம் குச்சி அடைத்துவிட்டு வரும் அம்மாவுக்குச் சட்டியில் மிஞ்சியது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. விலை ஏறினால் முதலில் யார் தட்டில் குறையும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

இப்போது நான் தக்காளி சூப் வைக்கிறேன். நாலு நாட்டுத் தக்காளி, சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு. வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, உப்பும் மிளகும் போட்டு ஒரு கொதி. புளிப்பும் கொதிசூடும் சேர்ந்தால் பால் திரிந்துவிடும். அதனால் அடுப்பை அணைத்து, சற்று ஆறியபின், இரண்டு நாள் சேர்த்த ஆடையை நன்றாக அடித்துக் கலக்குகிறேன். கடை க்ரீம் தேவையில்லை.

முதல் கிண்ணம் அம்மாவுக்கு.

"அண்ணனுக்கு எடுத்து வச்சிட்டியா?"

"இல்லம்மா. ஒனக்குத்தான் வச்சேன்."

ஊதி ஊதிக் குடிக்கிறாள். வயது எழுபது. ஆடை பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.