இரண்டாம் பாகம்

ஆண்டொன்றில் நாலைந்து முறைக்குமேல் படக்கொட்டகையின் வாயிலை மிதிப்பவனல்லன் யான். ஒளிப்பதிவின் நுட்பங்களையோ நடிப்பின் இலக்கணத்தையோ முறையாகக் கற்றவனுமல்லன். டிக்கெட்டுக்குரிய பணத்தைக் கொடுத்து, இருளிலே இரண்டு மூன்று மணி நேரம் அமர்ந்திருந்து, கொடுத்த காசு செரித்ததா என்று வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்க்கும் பெருங்கூட்டத்தில் ஒருவன், அவ்வளவே. ஆயினும், ஹாலிவுட்டிலிருந்து அண்மையாண்டுகளில் வெளிவந்த பெரும்படங்களைப் பற்றி இத்தகையவனுக்கும் சில அபிப்பிராயங்கள் உண்டாதல் இயல்பே. அவை விமரிசகருடைய அபிப்பிராயங்களோடு ஒவ்வாவிடினும் நண்பர்கள் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகிறேன்.

2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் மிகுதியான வசூல் கண்ட படங்களுள் முதல் மூன்று, ‘இன்ஸைட் அவுட் 2’, ‘டெட்பூல் அண்டு வுல்வரின்’, ‘மோவானா 2’ என்பன. மூன்றும் முன்வந்த படங்களின் தொடர்ச்சிகளே. ஒரு பெரும்படத்தை எடுக்க 20 கோடி டாலர் வரை செலவாகும் இந்நாளில், பெயரறியாத கதையொன்றை நம்பி அத்துணைப் பொருளையும் இறைக்க முதலாளிகள் அஞ்சுகின்றனர். பழகிய பெயருக்கு மக்கள் மீண்டும் வருவர் என்று கணக்கிடுகின்றனர். இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதுமன்று. ‘கிங் காங்’ என்னும் பெருங்குரங்கின் கதை 1933-இல் வெளியாகிப் பணத்தைக் குவிக்கவே, அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே அக்குரங்கின் மகனைப் பற்றிய படமும் வந்துவிட்டது. ஆகவே தொடர்ச்சி என்ற ஒரே காரணத்தால் ஒரு படத்தைப் பழித்தல் நியாயமாகாது. எத்தகைய தொடர்ச்சி என்பதே கேள்வி.

1975-இல் ஸ்பீல்பர்க் எடுத்த ‘ஜாஸ்’ என்னும் படத்தை நோக்குக. கோடைக் காலத்தில் நூற்றுக்கணக்கான கொட்டகைகளில் ஒரே நாளில் வெளியிட்டு, விளம்பரத்தால் நாடெங்கும் பரபரப்பு உண்டாக்கும் முறை வேரூன்றியது இப்படத்தினாலேயே. அதற்காகச் செய்த இயந்திரச் சுறா கடலின் உப்புநீரில் அடிக்கடி பழுதுற்றது. 55 நாளில் முடிக்க எண்ணிய படப்பிடிப்பு 159 நாள் நீண்டது. சுறாவைக் காட்ட இயலாமையால் நீரையும், நீரில் மிதக்கும் மஞ்சள் நிறப் பீப்பாய்களையும், கரையில் நிற்போரின் முகங்களையுமே காட்டினார்கள். அதனாலன்றோ அச்சம் நம் எலும்பிற்குள் புகுந்தது! பிறகு வந்த தொடர்ச்சிகள் மூன்று. அவற்றுள் ஒன்றையேனும் ஸ்பீல்பர்க் இயக்கினாரல்லர். 1987-இல் வந்த நான்காம் படத்திலோ, சுறாமீனே ஒரு குடும்பத்தாரைப் பழிவாங்கும் பொருட்டுப் பஹாமாஸ் தீவுகள் வரை நீந்தி வருகின்றது. மீனுக்கு அத்துணை ஞாபகசக்தியை அருளியவர்களின் துணிவை மெச்சாதிருக்க முடியவில்லை.

இக்காலத்துப் படங்களின்மீது எனக்குள்ள குறைகளுள் சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023-இல் ‘தி மார்வல்ஸ்’ என்னும் படத்திற்குச் செல்லலாமென்று என் தமையனார் மகனை அழைத்தேன். அவன் கல்லூரி மாணவன். இவ்வகைப் படங்களில் பண்டிதன். “சித்தப்பா, அதற்கு முன் நீங்கள் ஒரு படமும் இரண்டு தொடர்களும் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிடில் அந்த மூன்று பெண்களும் யார் யாரென்றே விளங்காது” என்றான். அத்தொடர்களோ கொட்டகைக்கு வருவனவல்ல. மாதச் சந்தா செலுத்தி வீட்டிலிருந்தே காண வேண்டியவை. பட்ட வகுப்பிற் சேர்ந்த நாளிலும் எனக்கு இத்தனை முன்பாடம் விதிக்கப்பட்டதில்லை. என்னைப் போன்றோர் உலகில் பலர் இருந்தனர் போலும்: 2019-இல் வந்த முதற்படம் 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருக்க, இரண்டாவதாகிய இதன் வசூல் 20 கோடியைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. வழியே போகிறவன் உள்ளே நுழைந்து அமர்ந்து, அரைமணிக்குள் கதையிற் கலந்துவிடுவதே கொட்டகையின் பெருமை. அவ்வாயிலில் முன்பாடம் கேட்டு நிற்பது நன்றன்று.

பெருங்குறை வேறொன்று. அது கதையின் முடிவைப் பற்றியது.

‘லோகன்’ என்னும் படம் 2017-இல் வந்தது. பதினேழாண்டுகளாக ஹ்யூ ஜாக்மன் ஏற்று நடித்த வுல்வரின் என்னும் வீரன், முதுமையும் நோயும் மேலிட்டு, ஒரு சிறுமியைக் காக்கும் போரிலே உயிர்விடுகின்றான். அவனைப் புதைத்த இடத்தில் நட்ட மரச்சிலுவையை அச்சிறுமி பிடுங்கிச் சாய்த்து வைத்து, எக்ஸ் என்னும் எழுத்தாக்கிவிட்டுச் செல்கிறாள். அவன் சார்ந்திருந்த கூட்டத்தின் அடையாளம் அவ்வெழுத்து. முன்கதை ஒன்றும் அறியாத யானும் அங்கே கண் கலங்கினேன். ஏழாண்டுகள் சென்றன. ‘டெட்பூல் அண்டு வுல்வரின்’ படத்தின் தொடக்கக் காட்சி யாது? கோமாளி வீரன் ஒருவன் அதே கல்லறையைத் தோண்டி, உள்ளிருந்த எலும்புகளையே ஆயுதமாக எடுத்துப் பகைவரை வெட்டி வீழ்த்துகின்றான், கொட்டகை சிரிக்கின்றது. பிறகு வேறோர் உலகிலிருந்து வேறொரு வுல்வரினை அழைத்து வருகின்றார்கள். அவர்கள் செய்வதை அறிந்தே நகையாடுகின்றார்கள் என்பதும், அந்நகைப்பில் சாமர்த்தியம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். யானும் இரண்டோர் இடங்களிற் சிரித்தேன். எனினும், முன்பு சிந்திய கண்ணீரைத் திருப்பிக் கேட்டாற்போல் இருந்தது. எண்ணிறந்த உலகங்களும் அவ்வுலகந்தோறும் ஒரு வுல்வரினும் உண்டென்றால், ஒருவன் சாவதற்குப் பொருள்தான் என்ன?

‘கிளாடியேட்டர்’ கதையும் இத்தகையதே. 2000-இல் வந்த அப்படத்தில் மாக்ஸிமஸ் என்னும் ரோமத் தளபதி, கொலையுண்ட தன் மனைவியையும் மகனையும் நினைந்து நினைந்தே போரிட்டு, அவர்களிடம் சேரும் நினைவோடு அரங்கின் மணலில் இறக்கின்றான். 2024-இல் அதே ரிட்லி ஸ்காட் எடுத்த இரண்டாம் பாகம், அரசகுமாரியின் மைந்தனும் அவனுக்குப் பிறந்தவனே என்கிறது. படத்திற்கு ஒரு வாரிசு வேண்டியிருந்தது. அதன் பொருட்டு, இறந்தவனுடைய துயரத்தின் தூய்மையிலே கை வைத்துவிட்டார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1983-ஆம் ஆண்டுப் படத்தில், தந்தை தன் மகனைக் காக்க உயிர்கொடுத்துக் கொடிய சக்கரவர்த்தியை வீழ்த்துகின்றான். அச்சக்கரவர்த்தியே 2019-இல் தக்க காரணம் ஏதுமின்றி மீண்டும் வந்து அமர்கின்றான். அத்தந்தை கொடுத்த உயிர் எக்கணக்கிற் சேர்ந்தது?

தொடர்ச்சி என்பது எத்தகையதாயிருத்தல் கூடும் என்பதற்குத் தமிழராகிய நாம் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்தின் கதையைத் தொடர்ந்து வந்ததே மணிமேகலை. அங்கே கோவலன் மீண்டும் எழுந்து வரவில்லை; அவன் இறந்த செய்தி கேட்ட மாதவியின் துறவும், அவள் மகள் வாழ்வுமே கதையாகின்றன. முன்னூல் முடித்ததை முடிந்ததாகவே வைத்துக்கொண்டு, மிஞ்சியிருப்போர் என் செய்தனர் என்று கேட்கின்றது பின்னூல்.

ஹாலிவுட்டிலும் அவ்வாறு கேட்ட படங்கள் இல்லாமலில்லை. யான் மனமாரப் போற்றுவது 2022-இல் வந்த ‘டாப் கன்: மாவெரிக்’. இதன் முதற்படம் 1986-இல் வெளிவந்தது. யானும் என் நண்பர் ஒருவரும் கல்லூரி விடுதியிலிருந்து சென்று அதனைக் கண்டோம். விமானங்களின் ஓசையன்றிக் கதையில் ஒன்றும் எங்கள் மனத்தில் நிற்கவில்லை. இரண்டாம் படத்தையும் அவரோடேயே கண்டேன். முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் தலைமேலும் நடந்திருந்தன. அவருக்குப் படம் ஓடும்போது ஓயாது பேசும் வழக்கம் உண்டு. அஃது அன்றும் மாறவில்லை. நடிகர்களை மெய்யான போர்விமானங்களின் பின்னிருக்கையில் அமர்த்தி, உள்ளேயே காமிராக்களைப் பொருத்தி எடுத்தனர் என்பதையெல்லாம் என் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். முதற்படத்தில் மாவெரிக்கின் தோழன் இறந்தான். இப்படத்தில் அவன் மகன், அத்துயரத்தின் கசப்போடு, விமானியாக வந்து நிற்கின்றான். இறந்தவன் இறந்தவனே.

நடுவில் ஒரு காட்சி. மாவெரிக், தன் பழைய போட்டியாளனாகிய ஐஸ்மனைக் காணச் செல்கிறான். அவன் இப்போது கடற்படையின் உயர்ந்த தளபதி; நோயினால் குரல் இழந்தவன்; கணினியில் எழுத்துக்களைத் தட்டியே பதில் சொல்கின்றான். அப்பாத்திரத்தை ஏற்ற வால் கில்மர், தொண்டைப் புற்றுநோயால் மெய்யாகவே குரல் இழந்திருந்தார் என்பதை அறிந்தவர் அறிவர்; 2025 ஏப்ரலில் அவர் காலமானார். முதற்படத்தில் பல்லைக் காட்டி இறுமாந்து நின்ற இளைஞனின் முகம் எனக்கு நினைவிருந்தது. அம்முகமே திரையில் தடித்துத் தளர்ந்து, எழுத்தெழுத்தாகப் பேசிற்று. பிறகு அவன் எழுந்து நின்று, கரகரத்த சில சொற்களை வாயினாலேயே சொன்னான். என் நண்பர் அக்காட்சி தொடங்கியபோது பேச்சை நிறுத்தியவர், படம் முடிந்து நாங்கள் பேருந்து நிலையம் வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. எத்துணைக் கோடி கொட்டினும் அம்முப்பத்தாறு ஆண்டுகளை ஒரு முதலாளி விலைக்கு வாங்கவியலாது. காத்திருந்தாலன்றி அக்காட்சி இல்லை. இப்படம் ஏறத்தாழ 149 கோடி டாலர் ஈட்டிற்று என்கிறார்கள். அதில் என் நண்பரும் யானும் கொடுத்ததற்கு எங்களுக்கு வருத்தமில்லை.

இதற்கு மாறாக, 2023-இல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ்’ ஐந்தாம் படத்தின் தொடக்கத்தில், எண்பது வயதை எட்டிய ஹாரிசன் ஃபோர்டின் முகத்தைக் கணினியால் இளமையாக்கிக் காட்டினர். கைத்திறன் வியக்கத்தக்கதே. ஆயின் முகம் இளமையாயிருக்கக் குரல் கிழவரதாயிருந்தது. யான் கதையைக் கேளாமல் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

‘இன்ஸைட் அவுட் 2’ படத்தையும் நல்லவற்றோடு சேர்ப்பேன். ஒரு சிறுமியின் உள்ளத்தில் களிப்பு, துயரம், சினம் முதலியன ஆட்களாய் அமர்ந்து ஆட்சி செய்வதாகக் கற்பித்த முதற்படம் 2015-இல் வந்தது. இரண்டாவதில் அவளுக்கு வயது பதின்மூன்று. பதற்றம் என்னும் புதிய ஆள் பெட்டி படுக்கையோடு உள்ளே குடிபுகுகின்றது. வளர்ந்த பிள்ளைக்கு வளர்ந்த கதை. பரீட்சைக்கு முன்னாள் இரவு விழித்திருந்த மாணவர் எவரும் அப்புதிய ஆளை இனங்கண்டுகொள்வர்.

தொடர்ச்சியல்லாதவற்றைக் காண மக்கள் வருவதில்லை என்னும் வாதத்தை மட்டும் யான் ஏற்கவில்லை. 2023 ஜூலை 21-ஆம் நாள் ‘பார்பி’, ‘ஆப்பன்ஹைமர்’ என்னும் இரு படங்கள் ஒருசேர வெளியாயின. முன்னது பெயர்பெற்ற பொம்மையைப் பற்றியது. பின்னது அணுகுண்டு செய்த விஞ்ஞானியைப் பற்றியது. இரண்டும் எதன் தொடர்ச்சியுமல்ல. முன்னது அவ்வாண்டின் வசூலில் முதலிடம் பெற்றது; பின்னது மூன்று மணி நேரம் ஓடியும் 90 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதில் பெரும்பகுதி, அறைகளில் அமர்ந்து மனிதர் பேசுவதே. அதனைப் பார்க்க என் தமையனார் மகனும் உடன் வந்தான். முன்பாடம் ஏதும் உண்டோ என்று வேண்டுமென்றே கேட்டேன்; இல்லையென்று நகைத்தான். பார்த்துவிட்டு வந்த மறுவாரம், அப்படத்திற்கு ஆதாரமான ‘அமெரிக்கன் ப்ரொமீதியஸ்’ என்னும் பெருநூலைத் தன் கல்லூரி நூல்நிலையத்தில் தேடி எடுத்தானாம். பாதி வரை வந்துவிட்டதாகவும், திருப்பித் தரவேண்டிய நாள் கடந்துவிட்டதாகவும் எழுதியிருந்தான்.